மடியில் கட்டிய பூ: இரு துறைச் செயலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத் துறைச் செயலர் அவர்களுக்கும், மக்கள் நல்வாழ்வு – குடும்ப நலத் துறைச் செயலர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் 29 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி திண்டுக்கல், மதுரை மாவட்டங்களின் மல்லிகைத் தோட்டங்களைச் சுற்றிய ஊர்களில் கழிந்தது. இரண்டு துறைகளுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் சொல்ல வரும் பெண் விடியற்காலை 4 மணி முதல் 9 மணி வரை பூச்சிமருந்து அடித்த பூந்தோட்டத்தில் நிற்கிறாள். அது வேளாண்மைத் துறையின் எல்லை. 10 மணிக்கு மேல் அதே புடவையோடு துணை சுகாதார நிலையத்தின் பெஞ்சில் வந்து உட்காருகிறாள். அது சுகாதாரத் துறையின் எல்லை. அவள் வயிற்றில் மூன்று மாதப் பிள்ளை இருக்கிறது. தோட்டத்தில் அவள் கர்ப்பிணி என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சுகாதார நிலையத்தில் அவள் எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

மல்லிகை மொட்டாக இருக்கும்போதே எடுத்தாக வேண்டிய பூ. வெயில் ஏறினால் எடை குறையும், மண்டியில் விலை இறங்கும். அதனால் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு இருட்டிலேயே பெண்கள் பாத்திக்குள் இறங்குகிறார்கள். செடி இடுப்பளவு உயரம் என்பதால் இலையில் நிற்கும் பனி புடவையை முழங்கால் முதல் வயிறு வரை நனைத்துவிடுகிறது. முந்தானையை இடுப்பில் சுற்றி, முன்பக்கம் பைபோல மடித்துக் கட்டிய மடியில்தான் மொட்டுகள் விழும். மடி நிறைந்ததும் சாக்கில் கொட்டிவிட்டு மறுபடியும் கட்டிக்கொள்வார்கள். முதல்நாள் மாலை மொட்டுப்புழுவுக்கு மருந்து அடித்த தோட்டமாக இருந்தால், அந்த மருந்து இலையிலும் பனியிலும் மொட்டின் மேலும் இருக்கிறது. ஈரத்துணி வழியாக ஐந்து மணி நேரம் அவளுடைய அடிவயிற்றோடு ஒட்டியிருக்கிறது. ஒரு கிலோ பூ என்பது ஆயிரக்கணக்கான மொட்டுகள். ஒவ்வொன்றையும் அவள் விரலால் தொட்டுத்தான் கிள்ளுகிறாள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பரிசோதனை நாளில், ஒரு பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்க்கக் கையைப் பிடித்தபோது பூண்டு வாடை போன்ற ஒரு நெடி அடித்தது. கேட்டேன். "நேத்து சாயங்காலம் தோட்டத்துல மருந்து அடிச்சாங்க நர்சம்மா, காலையில பூ எடுத்துட்டு அப்படியே வந்துட்டேன்" என்றாள். அவளுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டாவது மாதம் முடிந்திருந்தது. எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர், தடுப்பூசித் தேதி என்று அட்டையில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. அந்த நெடியை எழுத ஒரு கட்டம் இல்லை. தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று ஒரு சொல் எழுதியிருந்தது. அதை எழுதியவளும் நானே. சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாளும் அவள் பூ எடுக்கப் போனாள் என்பது எனக்குத் தெரியும்.

பிள்ளை 2 கிலோ 300 கிராம் எடையில் பிறந்தது. ஒன்பதாம் மாதம் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசிக்குத் தூக்கி வந்தபோது, வழக்கமாகச் செய்வதுபோல் பாயில் உட்கார வைத்து முன்னால் நாலு பொரியைப் போட்டேன். அந்த வயதுப் பிள்ளை பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் கூட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கப் பார்க்கும். இவன் உள்ளங்கையை முழுதாக வைத்துத் தேய்த்தான்; பொரி கையில் ஏறவில்லை. முதுகுக்கு அண்டை கொடுத்தால்தான் உட்கார்ந்தான். பூச்சிமருந்துதான் இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அவளுக்கு ரத்தசோகை இருந்தது. அந்த வீட்டில் விறகடுப்புப் புகை இருந்தது. முதல் பிள்ளைக்கும் இதற்கும் இடைவெளி குறைவு. ஒரு பிள்ளையைக் காட்டி ஒரு காரணத்தை நிறுவ முடியாது என்பது 29 ஆண்டுகள் பதிவேடு எழுதிய எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. அதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் தோட்டங்களில் புழுவுக்கும் பூச்சிக்கும் அடிக்கப்படும் மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் போன்றவை ஆர்கனோபாஸ்பேட் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுமந்து செல்கிறது. செய்தி சேர்ந்ததும் அதை உடைத்து அமைதிப்படுத்த கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. இந்த மருந்துகள் அந்த நொதியைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன; செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருக்க, பூச்சி துடித்துச் சாகிறது. மனிதர் அளவுக்கு மீறி உட்கொண்டால் எச்சில் ஒழுகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தசை துடிப்பதை நம் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் நாள்தோறும் பார்க்கின்றன. பூ எடுக்கும் பெண்ணுக்கு அவ்வளவு ஏறுவதில்லை. கொஞ்சம் தலைவலி, கொஞ்சம் கிறுகிறுப்பு, வாயில் உமிழ்நீர். முழுகாமல் இருப்பவளுக்கு இவையெல்லாம் மசக்கை என்றே தோன்றும். அவளுக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது.

வயிற்றிலிருக்கும் பிள்ளையின் கணக்கு வேறு. வளர்ந்தவர் உடலில் செய்தி சுமக்கும் அதே அசிட்டைல்கோலின், கருவின் மூளையில் நரம்பணுக்கள் பெருகுவதற்கும் தமக்குரிய இடம் போய்ச் சேர்வதற்கும் வழிகாட்டும் பொருளாகவும் வேலை செய்கிறது. கரு உருவான நான்கு வாரங்களுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழல் மூடிவிடுகிறது. பெரும்பாலான பெண்கள் நாள் தள்ளிப்போனதை உறுதிசெய்யும் நேரத்தில் அந்த வேலை முடிந்தே போயிருக்கும். இந்த மருந்துகள் நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லக்கூடியவை. இவற்றை முறிக்க உதவும் பாராக்ஸோனேஸ் என்ற நொதி, பிறந்த குழந்தையிடம் தாயிடம் இருப்பதில் கால்பங்கு அளவே இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். தாய் தாங்கிக்கொள்ளும் அளவைப் பிள்ளை தாங்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

நியூயார்க் நகரின் வடக்கு மன்ஹாட்டன், தெற்கு பிராங்ஸ் பகுதிகளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் ஆப்பிரிக்க அமெரிக்க, டொமினிக்கன் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அந்தப் பெண்கள் வயலில் வேலை செய்தவர்கள் அல்லர். அடுக்குமாடி வீடுகளில் கரப்பான் பூச்சிக்கு அடித்த மருந்துதான் அவர்களுக்குள் போனது. 314 தாய்–சேய் இணைகளின் ரத்தத்தைப் பார்த்து 2004-இல் வெளியிட்ட முடிவுப்படி, தொப்புள்கொடி ரத்தத்தில் குளோர்பைரிபாஸும் அதே குடும்பத்து டயசினானும் மிகுந்திருந்த பிள்ளைகளின் பிறப்பு எடை, அவை தென்படாத பிள்ளைகளைவிடச் சராசரியாக 186 கிராம் குறைவு. கடைசி மாதத்தில் வயிற்றுப்பிள்ளை ஏறத்தாழ ஒரு வாரம் வளர்ந்து சேர்க்கும் எடை அது. 2,600 கிராமில் பிறந்திருக்க வேண்டிய பிள்ளையை 2,414-க்கு இறக்கி, நாம் 'எடை குறைவு' என்று பதிவேட்டில் எழுதும் 2,500 கோட்டுக்குக் கீழே தள்ளும் எடையும் அதுதான். அதே ஆய்வில் 254 பிள்ளைகளை மூன்று வயது வரை பார்த்தபோது, குளோர்பைரிபாஸ் மிகுதியாக ஏறியிருந்தவர்களுக்கு உடலியக்க வளர்ச்சி மதிப்பெண் சராசரியாக 6.5 புள்ளி குறைந்திருந்ததாக 2006-இல் எழுதினார்கள்.

இந்த ஆய்வில் உங்கள் கவனத்துக்கு நான் கொண்டுவர விரும்புவது அதன் இன்னொரு பாதியை. குளோர்பைரிபாஸை வீட்டு உபயோகத்திலிருந்து விலக்க அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2000-இல் உற்பத்தியாளர்களோடு உடன்பாடு கண்டது. 2001 ஜனவரிக்குப் பின் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் மருந்தின் அளவு வெகுவாக இறங்கியது. அவர்களிடம் அந்த எடை வேறுபாடும் காணப்படவில்லை. ஓர் அரசு அலுவலகத்தில் எடுத்த முடிவு ஓரிரு ஆண்டுகளுக்குள் தாயின் வயிறு வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. கர்ப்பிணிக்கு ரத்தசோகையைத் தீர்க்க நாம் எத்தனை ஆண்டுகளாகப் போராடுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். நீக்கியவுடன் நீங்கிவிடும் காரணம் என்று ஒன்று கிடைப்பது எங்கள் வேலையில் மிக அரிது.

வயலோடு சேர்ந்த ஆய்வும் இருக்கிறது. கீரையும் ஸ்ட்ராபெரியும் விளையும் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 601 கர்ப்பிணிகளை 1999–2000 காலத்தில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்த்துக்கொண்டு, அவர்களின் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும்வரை பின்தொடர்ந்தார்கள். அங்கே பிறப்பு எடை குறையவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்ப காலம் சற்றுச் சுருங்கியதும், பிறந்த பிள்ளைகளிடம் இயல்புக்கு மாறான அனிச்சைச் செயல்கள் கூடியதும், ஏழு வயதில் அதிக மருந்து ஏறிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 7 புள்ளி குறைந்திருந்ததும் அங்கே கிடைத்த முடிவுகள். ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. மருந்தின் அளவும் ஏறிய மாதமும் தாயின் உடல்வாகும் மாறும்போது முடிவு மாறுவது இயல்பு. ஆனால் கேடு இல்லை என்று நிம்மதியாக உட்கார அவற்றில் எதுவும் இடம் தரவில்லை.

என்னை மிகவும் உலுக்கியது சீனாவின் செஜியாங் மாகாணத்தில் செய்து 2017-இல் வெளிவந்த ஆய்வு. தொப்புள்கொடி ரத்தத்தில் 30 வகை ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளைத் தேடி, குழந்தைகளின் உடலியக்கத்தை ஆறாவது வாரத்திலும் ஒன்பதாவது மாதத்திலும் சோதித்தார்கள். ஆறாவது வாரத்தில் எந்த வேறுபாடும் இல்லை. ஒன்பதாவது மாதத்தில் 237 குழந்தைகளைப் பார்த்தபோது, குளோர்பைரிபாஸ் இருந்த பிள்ளைகள் அனிச்சைச் செயலிலும் இடம் நகர்வதிலும் பொருளைப் பற்றிப் பிடிப்பதிலும் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். நேலெட் என்ற மருந்து ஏறிய பிள்ளைகளின் நுண்ணிய கைவேலை குறைந்திருந்தது. பெண் குழந்தைகளிடம் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது. இதைப் படித்தபோது அந்தப் பொரியை நினைத்துக்கொண்டேன். இன்னொன்றையும் நினைத்தேன். என் பணிக்காலத்தில் பிரசவத்துக்குப் பிந்தைய எங்கள் வீட்டு வருகைகள் 42-ஆம் நாளோடு முடிந்துவிடும். ஆறு வாரம் என்பதும் அதே 42 நாள்தான். ஒன்றும் தெரியாத நாள்வரை பார்த்துவிட்டு, 'தாயும் சேயும் நலம்' என்று எழுதிப் பதிவேட்டை மூடியிருக்கிறோம்.

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையின் உடலியக்கத்தையே பருவங்களாக வகுத்தார்கள். ஐந்தாம் மாதம் ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றித் தலையசைப்பது செங்கீரை. ஒன்பதாம் மாதம் கையோடு கை சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. பதின்மூன்றாம் மாதம் தளர்நடை நடந்து வருவது வருகை. கை எப்போது கையைத் தேடிச் சேரும் என்று நாள் கணக்கோடு கவனித்துப் பாட்டாக்கிய மொழியில் பிறந்தவர்கள் நாம். செஜியாங் ஆய்வாளர்கள் சோதித்த ஒன்பதாம் மாதமும் சப்பாணிப் பருவமும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனாலும் ஒரு தாய் சப்பாணி கொட்டச் சொல்லிப் பாடும் நேரத்தில் பிள்ளையின் கை வராமல் போனால் அதன் துயரம் என்ன என்பதை நாம் விளக்கம் இல்லாமலே அறிவோம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நான் எடுத்துப் படித்துப் பார்த்த மருந்துப் போத்தல்களில், அடித்தபின் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அது உண்பவரைக் காக்கும் விதி. உணவுப் பொருளில் எவ்வளவு மருந்து எஞ்சலாம் என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பும் இருக்கிறது. மல்லிகை உணவு இல்லை. அதனால் அந்த வரம்பும் அதற்குப் பொருந்தாது. கத்தரிக்காயில் மருந்து மிச்சம் இருந்தால் என்றாவது ஒருநாள் யாராவது சோதிப்பார்கள். மல்லிகை மொட்டை யாரும் சோதிப்பதில்லை. காய்கறியில் மோனோகுரோட்டோபாஸ் அடிக்கக் கூடாது என்று 2005-இலேயே நாடு முழுவதும் தடை வந்தது; பூ அந்தத் தடைக்கு வெளியே நின்றது. உண்ணும் வாய்க்கு ஒரு காவல் இருக்கிறது, பறிக்கும் கைக்கு இல்லை. குளோர்பைரிபாஸ் அடித்த வயலுக்குள் குறைந்தது 24 மணி நேரம், சில பயிர்களில் அதற்கும் மேல், தொழிலாளர் நுழையக் கூடாது என்று அமெரிக்க லேபிள்களில் விதி உண்டு. மாலை ஆறு மணிக்கு அடித்து விடியற்காலை நான்கு மணிக்கு இறங்கும் நம் தோட்டத்தில் பத்து மணி நேரம்தான் ஆகிறது.

தோட்டக்காரரை நான் குற்றவாளியாக நிறுத்தவில்லை. அவரும் பெரும்பாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு, அவர் மனைவியும் மருமகளும் சேர்ந்து பூ எடுக்கும் குடும்பத்தவர்தான். மொட்டுப்புழு ஒரு வாரம் விட்டால் செடி முழுவதும் துளையிட்டுவிடும். பங்குனி, சித்திரையில் பூ வரத்து கூடும்போது விலை சரிந்து, மருந்துக் கடைப் பாக்கி ஏறும். எந்த மருந்து, எவ்வளவு என்று அவருக்குச் சொல்பவர் பெரும்பாலும் அந்தக் கடைக்காரரே. தோளில் தெளிப்பானைச் சுமந்து அடிப்பவரின் சட்டையும் கைலியும் வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் துணியோடு ஒரே வாளியில் ஊறுகின்றன. துவைப்பவள் அவர் மனைவி. மருந்து கலக்கக் குடத்தில் தண்ணீர் சுமப்பவளும் அவளே. நஞ்சை 'மருந்து' என்றே சொல்லிப் பழகிய நாக்குக்கு அதைப் பார்த்துப் பயப்படவும் தோன்றுவதில்லை. ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், விளக்குப்பொறி, துளைவிழுந்த மொட்டுகளைப் பொறுக்கி அழித்தல் என்று மாற்று வழிகள் இருக்கின்றன என்பதை அவர்களுக்கு வயலில் வந்து காட்டுவதற்கு ஆள் வேண்டும்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் காசர்கோடு இருக்கிறது. அரசு முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். ஊர்மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டி முறையிட்ட ஆண்டுகள் பல. உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதை நிறுத்தியது 2011 மே மாதத்தில். பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது 2017-இல். எண்டோசல்பான் வேறு குடும்பத்து மருந்து, அங்கே நடந்தது வேறு அளவிலான கொடுமை என்பதை அறிவேன். காரணம் ஐயமற நிரூபிக்கப்படும்வரை தெளிப்போம் என்ற நிலைப்பாட்டின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. பூச்சிமருந்துச் சட்டம் 1968-இன் 27-ஆம் பிரிவின்படி மாநில அரசு ஒரு மருந்தை 60 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். 2022–23 காலத்தில் தற்கொலைகளைத் தடுக்க மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ், அசிபேட் உள்ளிட்ட ஆறு மருந்துகளை இதே மாநிலம் அப்படி நிறுத்திக் காட்டியது. அந்த முடிவு எத்தனையோ வீடுகளுக்கு நல்லது செய்திருக்கும் என்று நம்புகிறேன். மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலை விலக்கிக்கொள்ள ஒன்றிய அரசு 2023-இல் ஆணையிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் குளோர்பைரிபாஸுக்கான அனுமதியை 2020-இல் முடித்துக்கொண்டது. 2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய, எளிதில் சிதையாத நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நாடுகள், சில விலக்குகளோடு, அதை ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தன. பூச்சிமருந்தைக் குடித்துச் சாவதைத் தடுக்க ஒருமுறை பயன்படுத்திய அதே அதிகாரத்தை, பூ வரத்து உச்சத்தில் இருக்கும் மாதங்களில் பறிப்பவர்களைக் காக்கவும் பயன்படுத்தலாம். நிலையான தடைக்கு ஒன்றிய அரசை வலியுறுத்தவும் செய்யலாம்.

தடை வரும்வரை வேளாண்மைத் துறையிடம் நான் முதலில் கேட்பது நுழைவுக் காத்திருப்புக் காலம். மருந்து அடித்த தோட்டத்துக்குள் 24 மணி நேரம் யாரும் பூ எடுக்க இறங்கக் கூடாது என்று ஒரு விதி வேண்டும். படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும்படி தோட்டத்தின் நுழைவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினால் போதும். இருட்டில் நெற்றி விளக்கு வெளிச்சத்திலும் அது தெரியும். மறுநாள் பறிக்க வேண்டிய பாத்தியை விட்டுவிட்டு மற்றப் பாத்தியில் அடிக்கும்படி முறை வைத்துக்கொண்டால் தோட்டக்காரருக்கும் பெரிய இழப்பு இல்லை. இதை ஒன்றிரண்டு தோட்டங்களில் என் வேண்டுகோளுக்காகச் செய்து பார்த்தார்கள், நடந்தது. தோட்டக்கலை அலுவலர்கள் கூட்டம் போடும்போது பட்டாவில் பேர் உள்ளவரை மட்டும் அழைக்காமல் பூ எடுக்கும் பெண்களையும், அவர்களுக்குத் தோதான மாலை நேரத்தில், அழைக்க வேண்டும்.

சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது அந்த ஒரு கட்டத்தை. கர்ப்பிணியைப் பதிவு செய்யும்போதே, 'பூச்சிமருந்து அடித்த வயலில் வேலை செய்கிறீர்களா? கடைசியாக எப்போது? வீட்டில் மருந்து எங்கே வைக்கிறீர்கள்?' என்ற மூன்று கேள்விகள் தாய் சேய் நல அட்டையிலும் இணையப் பதிவிலும் இடம்பெற வேண்டும். ஆம் என்றால் என்ன செய்வது என்று செவிலியருக்குப் பயிற்சி வேண்டும். வேலைக்குப் போகாதே என்று சொல்வது எளிது. அன்றைய கூலி அன்றைய சோறு என்று இருப்பவளுக்கு அது சொல்லாததற்குச் சமம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பொருளுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. அது எத்தனை வீடுகளைத் தாங்கியிருக்கிறது என்பதற்கு நானே சாட்சி. அதனோடு, முதல் மூன்று மாதம் மருந்தடித்த தோட்டத்தை விட்டு விலகியிருப்பவளுக்கு இழந்த கூலியை ஈடு செய்யும் ஒரு தொகை சேர வேண்டும். அல்லது ஊரக வேலைத் திட்டத்தில் தண்ணீர் கொடுக்கவும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் இருக்கும் இலகுவான வேலைகளில் அவளுக்கு முதலிடம் தர வேண்டும். நாள் தள்ளிப்போன பிறகு விலகுவது பாதிக் காவல்தான் என்பதை மேலே சொன்னேன். அதனால்தான் கர்ப்பிணிக்கு மட்டுமான விதியைவிட, எல்லாருக்குமான 24 மணி நேர விதியை முதலில் வைத்தேன்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசி நாளில் தூக்கி வரும் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, கைப்பிடியையும் முதுகின் உறுதியையும் பார்த்து எழுத இரண்டு நிமிடம் போதும். பின்தங்கும் பிள்ளையை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அப்போதே அனுப்பினால், பயிற்சியால் மீட்க முடிந்ததை நானே பார்த்திருக்கிறேன். பொரியில் தோற்ற அந்தப் பிள்ளை இரண்டரை வயதில் நடந்தான். கொஞ்சம் முன்பே கவனித்திருந்தால் கொஞ்சம் முன்பே நடந்திருப்பான் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. வேளாண் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து, பூ எடுக்கும் ஊர்களின் தாய்மாரிடம் ஒப்புதல் பெற்று, தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து, பிள்ளைகளைச் சில ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வு ஒன்றையும் தொடங்க வேண்டும். சலினாஸிலும் செஜியாங்கிலும் கிடைத்த எண்களை வைத்துக்கொண்டு நான் வாதாடுகிறேன். நம் தோட்டத்துப் பெண்களின் உடலில் எவ்வளவு இருக்கிறது என்று நம் ஆய்வகம் சொல்ல வேண்டும்.

கவாத்து முடிந்த மல்லிகைச் செடி மாசியில் துளிர்விட்டு மொட்டு வைக்கும். அந்தப் பருவத்தின் முதல் தெளிப்பும் அப்போதே தொடங்கும். அதற்குள் உங்கள் இரு அலுவலகங்களிலிருந்தும் ஒரு கூட்டுச் சுற்றறிக்கை வந்தால், இந்த ஆண்டு பூ எடுக்கப் போகும் பெண்களுக்கு அது உதவும். நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமென்றாலும், ஏதேனும் ஓர் ஊரில் சோதனை முயற்சியாகச் செய்து பார்க்க வேண்டுமென்றாலும், ஊதியம் எதுவுமின்றி வேலை செய்யக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.